பாறைக்கு மேலிருந்து பார்க்கிறவன்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். கடந்த கோடையில் கணவரும் மகளும் நானுமாகப் பாரிஸ் சென்றிருந்தோம். லக்சம்பர்க் பூங்காவில் அடர்ந்த மரநிழல், அதன் நடுவே நீளமான ஒரு நீர்த்தொட்டி, தொட்டியின் முனையில் மெதிசி நீரூற்று. இரு கரையிலும் நாற்காலிகளில் இளைஞர்கள் அமர்ந்து படித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். நீரூற்றின் நடுவில் வெள்ளைப் பளிங்கில் ஓர் ஆணும் பெண்ணும் அணைத்தபடி சாய்ந்திருக்க, மேலே பாறையிலிருந்து கறுத்த பெரிய உருவம் ஒன்று குனிந்து அவர்களைப் பார்க்கிறது. பதினான்கு வயதான என் மகள், "அவன் யார் அம்மா? ஏன் இப்படிப் பார்க்கிறான்?" என்று கேட்டாள். கைபேசியில் தேடிப் படித்தோம். தன்னை விரும்பாத பெண் வேறொருவனை விரும்பினாள் என்பதற்காக, அந்த இளைஞனைப் பாறை எறிந்து கொன்ற ராட்சதன் பாலிபீமஸ் என்று தெரிந்தது. அதன்பிறகு அங்கே உட்கார எனக்கு மனம் வரவில்லை.

ஒருதலைக் காதலின் பெயரால் பெண்களை வெட்டுகிறார்கள், அமிலம் வீசுகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்துப் படித்து நொந்துபோன ஊரிலிருந்து வருகிறேன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு, காதலர்கள் கூடும் பூங்காவில், எல்லோருக்கும் மேலே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ராணி தன் தோட்டத்துக்கு இப்படி ஒரு சிலையை ஏன் விரும்பினாள்? இன்றும் இதை அங்கே வைத்திருக்கத்தான் வேண்டுமா? அருகில் ஒரு விளக்கப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. நீங்கள் கிரேக்கப் புராணங்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தச் சிலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். நீங்கள் கதையைத் தேடிப் படித்தீர்கள், கோபப்பட்டீர்கள். கலையை அதற்குரிய மரியாதையுடன் அணுகுகிறவர்களுக்குத்தான் இந்தக் கோபம் வரும். ஆனால் அந்தச் சிலை யார் பக்கம் நிற்கிறது என்பதில் நான் உங்களிடமிருந்து முற்றாக வேறுபடுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் ராணியைப் பற்றி. மரி த மெதிசி பிரான்சின் அரசன் நான்காம் ஹென்றியின் மனைவி. 1610இல் கணவர் கொலையுண்டபின், 1612இல் இந்த நிலத்தை வாங்கி, தான் பிறந்த ஃபிளாரன்ஸ் நகரத்தின் பிட்டி அரண்மனையை நினைவூட்டும்படி ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்தார். 1630 வாக்கில் தோட்டத்தில் இத்தாலிய பாணியில் ஒரு செயற்கைக் குகை கட்டப்பட்டது. இன்றைய மெதிசி நீரூற்றின் மூலம் அதுதான். பனி உறைந்து தொங்குவதுபோல் செதுக்கிய கற்கள், உச்சியில் ரோன், சேன் நதிகளைக் குறிக்கும் உருவங்கள், மெதிசிக் குடும்பத்தின் சின்னம். அந்தக் குகையில் பாலிபீமஸ் இல்லை. நீங்கள் பார்த்த நீண்ட தொட்டியும் இல்லை. ராணிக்குப் பின் குகை பல கைகள் மாறிப் பாழடைந்தது. நெப்போலியன் காலத்தில், வெற்றி வளைவைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் ஷால்கிரேன் அதைப் பழுதுபார்த்து நடுவில் ஒரு வீனஸ் சிலையை வைத்தார்.

பாலிபீமஸ் வந்தது இன்னும் அரை நூற்றாண்டு கழித்து, ஒரு சாலை விரிவாக்கத்தின் புண்ணியத்தில். ஓஸ்மான் என்ற நிர்வாகி பாரிஸ் நகரத்தை இடித்துக் கட்டிய ஆண்டுகள் அவை. புதிய தெரு ஒன்று பூங்காவின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குகையை இடித்துவிட மனமில்லாமல், 1860களின் தொடக்கத்தில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, சுமார் 30 மீட்டர் நகர்த்தி மறுபடி கட்டினார்கள். அந்தப் பணியைச் செய்த அல்ஃபோன்ஸ் த ஜிசோர்தான் முன்னால் 50 மீட்டர் நீளத் தொட்டியையும் அமைத்தவர். 1866இல் வீனஸ் இருந்த இடத்துக்கு ஒகுஸ்த் ஒத்தான் என்ற சிற்பியின் படைப்பு வந்தது: கடல்தேவதை கலத்தியாவும் அவள் காதலன் ஏசிஸும் வெண்பளிங்கில், பாலிபீமஸ் வெண்கலத்தில். ஒத்தான் அரசின் உயரிய பரிசு பெற்று ரோமில் பயின்றவர். அதே மனிதர், 1874இல் மோனே, தெகா, ரெனுவார் முதலிய ஓவியர்கள் அரசுக் கண்காட்சியைப் புறக்கணித்துத் தாங்களே நடத்திய முதல் கண்காட்சியில் அவர்களோடு சேர்ந்து தன் சிற்பங்களை வைத்தார். ஆகவே அரண்மனைக்கு அலங்காரம் செய்துகொடுத்த கைவினைஞர் என்று மட்டும் அவரை நினைத்துவிட வேண்டாம்.

இனி கதைக்கு வருகிறேன். நீங்கள் கைபேசியில் படித்த சுருக்கம் பிழையில்லாதது. ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் லத்தீன் கவிஞர் ஓவிட் தன் 'உருமாற்றங்கள்' காவியத்தின் பதின்மூன்றாம் நூலில் இதை எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால், உங்கள் ஊர்ச் செய்தித்தாளில் வருகிற ஆளை அவர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் என்பது திகைக்க வைக்கும்.

பாலிபீமஸ் காதலில் விழுந்ததும் தன்னைச் சீர்செய்துகொள்கிறான். தோட்டத்தைக் கிளறும் வாரியால் தலை வாருகிறான், அரிவாளால் தாடியைத் திருத்துகிறான், நீரில் தன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறான். பிறகு கடலுக்குள் நீண்டிருக்கும் குன்றின்மேல் ஏறி அமர்ந்து, நூறு நாணல்களால் ஆன குழலை எடுத்து ஊதி, பாடத் தொடங்குகிறான். கலத்தியா பூவிதழைவிட வெண்மையானவள், கண்ணாடியைவிடப் பளபளப்பானவள், குளிர்கால வெயிலையும் கோடை நிழலையும்விட இனியவள், தயிரைவிட மென்மையானவள். இப்படி அடுக்கிக்கொண்டே போகிறான். உண்மையிலேயே அழகான வரிகள். ஆனால் மூச்சு விடுவதற்குள் அதே வேகத்தில் அதே பெண் காளைக்கன்றைவிட முரடானவளாகவும், பழைய தேக்கைப்போல் இறுகியவளாகவும், நீரைவிட நம்பத்தகாதவளாகவும், மிதிபட்ட பாம்பைவிடக் கொடியவளாகவும் ஆகிவிடுகிறாள். புகழ்ச்சிக்கும் வசைக்கும் நடுவில் அவள் எதுவுமே செய்யவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

மூலத்தில் தேக்கு இல்லை, ஓக் மரம். தமிழில் அந்த இறுக்கம் வர வேண்டுமென்று மாற்றிக்கொண்டேன். மற்றதெல்லாம் ஓவிடுடையது.

அதன்பின் சொத்துக் கணக்கு. மலைக்குகை என்னுடையது, பழத்தோட்டம் என்னுடையது, ஆடுகளை எண்ணிச் சொல்ல முடியாது, எண்ணுவது ஏழைகளின் வேலை. பால் இருக்கிறது, பாலாடைக்கட்டி இருக்கிறது. உனக்கென்று இரண்டு கரடிக்குட்டிகளைப் பிடித்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே கண்தான், இருக்கட்டும், சூரியனுக்கும் ஒரே கண்தானே? இத்தனையும் கொடுத்தபின் மறுப்பதற்கு அவளுக்கு என்ன உரிமை என்ற கேள்வி சொல்லப்படாமலே வளர்கிறது. முடிவில் மிரட்டல். அந்த ஏசிஸ் கையில் கிடைக்கட்டும், உயிரோடு குடலை உருவி, உடலைத் துண்டாக்கி வயலிலும் நீ வாழும் கடலிலும் வீசுவேன் என்கிறான். காதல் பாட்டு என்று தொடங்கியது கொலைத் திட்டமாக முடிகிறது. அவன் நடுவில் எங்கும் குழலைக் கீழே வைக்கவில்லை.

ஓவிடுக்கு முன்னாலேயே, பொது ஆண்டுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டில், சிசிலியைச் சேர்ந்த கிரேக்கக் கவிஞர் தியோக்ரிடஸ் இந்தப் பாத்திரத்தை வேறு விதமாகப் பாடியிருக்கிறார். அங்கே ஏசிஸ் இல்லை, கொலையும் இல்லை. காதுக்குக் காது நீளும் ஒற்றைப் புருவமுள்ள ஓர் இளம் இடையன், செவுள்களோடு பிறந்திருந்தால் கடலுக்குள் மூழ்கி வந்து உன் கையையாவது முத்தமிட்டிருப்பேனே என்று ஏங்குகிறான். இனி நீச்சல் கற்றுக்கொள்வேன் என்கிறான். அம்மா எனக்காக உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று குறைபடுகிறான். பாடிப் பாடி நோய் தணிகிறது. நம் இலக்கணம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே கைக்கிளை என்று ஓர் இடம் ஒதுக்கிவைத்ததே, அங்கே கண்ணியமாக உட்கார்ந்திருக்கக்கூடியவன் இவன். இவனைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. 1914ஐ ஒட்டி பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோன் வரைந்த பாலிபீமஸும் இப்படிப்பட்டவன்தான். பூக்களுக்கு நடுவே உறங்குகிறவளை, மலைக்குப் பின்னாலிருந்து பெரிய ஒற்றைக் கண்ணால் சோகமாகப் பார்க்கிறான். ரெதோன் நம்மை அவனுக்காக இரங்க வைக்கிறார்.

ஒத்தான் அப்படிச் செய்யவில்லை. உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். அவருடைய பாலிபீமஸிடம் அந்த ஏக்கம் துளியும் இல்லை. உடல் முழுக்க முறுக்கேறி, முழங்காலை மடக்கி, பாறை விளிம்பில் எட்டிப் பார்க்கிறான். அவன் இன்னும் எதையும் எறியவில்லை. கீழே இருக்கிற இருவருக்கும் அவன் வந்தது தெரியாது. ஏசிஸின் மடியில் கலத்தியா பின்னால் சாய்ந்திருக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சமின்மை என்றால் என்ன என்று கேட்டால் அந்தப் பளிங்கைக் காட்டுவேன். குகையின் இருட்டில் கண் முதலில் போவது அந்த வெண்மைக்குத்தான். வெண்கலம் நிழலோடு நிழலாகக் கலந்து, பார்வை உயர்ந்த பிறகுதான் தட்டுப்படுகிறது. எல்லோருக்கும் மேலே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே இருப்பது அரியணை அன்று. மறைந்திருந்து பார்ப்பதற்கு அவனே தேர்ந்துகொண்ட இடம். சிற்பி அந்த மறைவை நமக்குக் காட்டிக்கொடுக்கிறார்.

இனி, நீங்களும் உங்கள் மகளும் எங்கே நின்றீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். அந்தக் காட்சியில் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறவர் தொட்டியின் கரையில் இருக்கிறவர் மட்டுமே. காதலர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அவன் கை ஓங்குவதற்கு முன்பே நாம் அவனைப் பார்த்துவிட்டோம். உங்கள் மகள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். "ஏன் இப்படிப் பார்க்கிறான்?" கதை தெரியாத ஒரு சிறுமிக்கு, அந்தப் பார்வை சரியில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. கொலையை முடித்துவிட்டு நிற்கும் ஒருவனைச் செதுக்கியிருந்தால் அவளுக்கு அருவருப்பு வந்திருக்கும், கேள்வி வந்திருக்காது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறுகிப்போன வெண்கலத்திலிருந்து அந்த எச்சரிக்கை அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு சிலையால் இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஓவிடின் காவியத்தில் இந்தக் கதையைச் சொல்வது யார் என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சொல்கிறவள் கலத்தியாதான். சில்லா என்ற இளம் பெண் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பல ஆண்களை வேண்டாம் என்று ஒதுக்கியவள் சில்லா. கலத்தியா அவளிடம் ஏறத்தாழ இப்படிச் சொல்கிறாள்: உன்னைத் தேடி வருகிறவர்கள் கொடியவர்கள் அல்லர், நீ மறுத்தாலும் உனக்கு ஒன்றும் நேர்வதில்லை, கடற்கடவுளின் மகளாய்ப் பிறந்து, இத்தனை சகோதரிகள் துணையிருந்தும், எனக்கோ ஒருவனை மறுத்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் அழுகை பேச விடவில்லை. சில்லா தன் பளிங்கு விரலால் அவள் கண்ணீரைத் துடைத்து, சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அவனுடைய பாட்டையும் மிரட்டலையும் வரி பிசகாமல் நமக்கு ஒப்பிப்பவளும் கலத்தியாதான். பாறையின் மறைவில் ஏசிஸின் அணைப்பில் கிடந்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறாள். கொலையானவன் பேச முடியாது, கொன்றவனைப் பேசவிட்டால் அவன் காதல் என்று சொல்வான். மிஞ்சியிருக்கிறவள் பேசுகிறாள். ஓவிட் அவளைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அவள் சொல்கிற முடிவை நீங்கள் படித்த சுருக்கம் விட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அந்த முடிவு இல்லாமல் இந்தச் சிலை ஏன் நீரூற்றில் இருக்கிறது என்பது விளங்காது. அவன் இருவரையும் கண்டு கத்துகிறான், எட்னா மலை நடுங்குகிறது. கலத்தியா கடலில் குதிக்கிறாள், ஏசிஸ் உதவி கேட்டுக்கொண்டே ஓடுகிறான். பாலிபீமஸ் மலையில் ஒரு பகுதியைப் பெயர்த்து வீசுகிறான். அதன் ஒரு முனைதான் படுகிறது, ஆனால் அந்த முனையே ஏசிஸை முழுக்க மூடிவிடுகிறது. பாறைக்கடியிலிருந்து இரத்தம் கசிகிறது. கொஞ்ச நேரத்தில் அதன் சிவப்பு மங்கி, முதல் மழைக்குக் கலங்கிய ஆற்றுநீரின் நிறமாகிறது. பிறகு தெளிகிறது. பாறை பிளந்து நாணல் முளைக்கிறது, உள்ளே நீரின் ஓசை கேட்கிறது, இடுப்பளவு நீரில் ஓர் இளைஞன் எழுகிறான். முன்பைவிடப் பெரியவனாய், முகமெல்லாம் நீலமாய், கொம்புகளில் நாணல் சுற்றி. ஏசிஸ் ஆறாகிவிட்டான். விதி விட்டுவைத்த ஒரே வழி இதுதான், அதை நான் செய்தேன் என்கிறாள் கலத்தியா. சிசிலியில் எட்னாவின் கிழக்குச் சரிவில் ஏசி கஸ்தெல்லோ, ஏசி த்ரெட்சா, ஏசிரியாலே என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. எல்லாம் அந்த ஆற்றின் பெயரைச் சுமக்கிற ஊர்கள்.

அந்த இருவரின் காலடிக்குக் கீழிருந்து நீர் படி படியாக வழிந்து தொட்டியில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓவிடைப் படித்த கண்ணுக்கு அந்த நீர் ஏசிஸ்தான். கொலைக்கு முந்தைய கணம் மேலே கல்லில் நிற்கிறது, கொலையைத் தாண்டி வந்தது கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நடந்த அந்தக் கொடூரத்தை மட்டும் சிற்பி காட்டவில்லை. பாலிபீமஸுக்கு அங்கே வெற்றியே இல்லை. இளைஞர்கள் வந்து அமர்ந்து படிப்பதும் பேசுவதும் ஏசிஸின் கரையில். பாரிஸில் எத்தனையோ நீரூற்றுகள் உண்டு, குதிரைகளும் மீன்களும் கடற்கன்னிகளும் நீரைத் துப்புகின்றன. நீருக்கும் கதைக்கும் இப்படி உயிர்த்தொடர்பு உள்ள இன்னொன்றை நான் அங்கே பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், வைத்திருக்க வேண்டும், அதே இடத்தில்.

ஆனால் உங்கள் கோபத்துக்கு உரிய கல் ஒன்று அதே நீரூற்றில் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. குகைச் சுவரின் பின்புறம் போனால் லேடாவின் புடைப்புச் சிற்பம் இருக்கும். நெப்போலியன் காலத்தில் வேறொரு தெருமுனையில் இருந்த சிறிய நீரூற்று அது. அதே ஓஸ்மான் சாலைகளுக்காக அங்கிருந்து பெயர்த்து, 1864இல் மெதிசிக் குகையின் முதுகில் ஒட்டிவைத்தார்கள். அன்னமாக உருமாறி வந்த கிரேக்கக் கடவுளரின் அரசன் சீயஸ், ஸ்பார்டாவின் அரசி லேடாவை வஞ்சித்துச் சேர்ந்த கதை. அங்கே வஞ்சனை தெரியவில்லை. அழகான வளைவுகள், மென்மையான கழுத்து, பக்கத்தில் அம்புடன் காதல் கடவுளின் குழந்தை உருவம். எல்லாம் இசைவாகவும் இனிமையாகவும் நடந்ததுபோல் இருக்கிறது. அதைச் செதுக்கிய அஷீல் வலுவா திறமையில் குறைந்தவர் அல்லர். ஆனால் அந்தச் சிற்பத்தில் லேடாவின் பக்கம் யாரும் நிற்கவில்லை. முன்புறம் வன்முறையை வன்முறையாகக் காட்டுகிறது, பின்புறம் அதற்குப் பூச்சூட்டுகிறது. ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். முதலாவதைப் பார்த்து நீங்கள் எழுந்து போனீர்கள். இரண்டாவதன் முன்னால் யாரும் எழுந்து போவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதையும் அகற்றச் சொல்லமாட்டேன். எதைப் பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விளக்கப் பலகை பற்றி நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கதையைச் சொல்கிறவள் கலத்தியா என்பதையும், நீர் யார் என்பதையும், சுவரின் பின்னால் இருப்பது என்ன என்பதையும் நாலு வரியில், குழந்தைகளுக்கும் புரிகிற மொழியில் எழுதி வைக்கலாம். அந்தப் பூங்கா பிரெஞ்சு செனட்டின் பொறுப்பில் இருக்கிறது. நீங்கள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் மகளையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்பினால் அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கும்.

அன்புடன்.